ஏற்காட்டுப் பேருந்துக் கணக்கு: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் அஸ்தம்பட்டியில் மாலை வேளைகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்து வருகிறேன். வேகம், தொலைவு, நேரம் பற்றிய பாடம் நடக்கும் வாரத்தில் மட்டும் பிள்ளைகளைவிடப் பெற்றோரின் சந்தேகங்களே என்னிடம் அதிகமாக வந்து சேரும். இரவு ஒன்பது மணிக்கு மேல் தொலைபேசி ஒலித்தால், எந்த வீட்டிலோ ஏற்காட்டுப் பேருந்து மலையேறிக்கொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்தக் கணக்குதான் என்ன?

பிள்ளைகளின் வீட்டுப்பாட நோட்டில் அது இப்படி இருக்கும்: "சேலத்திலிருந்து ஏற்காடு 30 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரு பேருந்து சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஏறி, அதே வழியில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் இறங்குகிறது. (அ) முழுப் பயணத்தின் சராசரி வேகம் என்ன? (ஆ) அதே 20 கி.மீ. வேகத்தில் ஏறிய பேருந்து, முழுப் பயணத்துக்கும் மணிக்கு 40 கி.மீ. சராசரி பெற வேண்டுமானால் எந்த வேகத்தில் இறங்க வேண்டும்?"

பெரியவர்களில் பெரும்பாலோர் (அ) பிரிவுக்கு 25 என்றும், (ஆ) பிரிவுக்கு 60 என்றும் பேனாவை எடுக்காமலேயே சொல்லிவிடுவார்கள். இரண்டும் தவறு. முதல் பிரிவின் விடை மணிக்கு 24 கி.மீ. இரண்டாவது பிரிவில் கேட்டது நடக்கவே நடக்காது.

20-ஐயும் 30-ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் 25 வருகிறதே, அதில் என்ன தவறு?

கூட்டலிலும் வகுத்தலிலும் தவறில்லை. 25 என்பது 20, 30 என்னும் இரண்டு எண்களின் சராசரி. கணக்கில் கேட்டிருப்பதோ பேருந்தின் சராசரி வேகம். ஏழாம் வகுப்பு அறிவியலில் 'விசையும் இயக்கமும்' பாடத்திலேயே அதற்கு இலக்கணம் சொல்லிவிடுகிறார்கள்: கடந்த மொத்தத் தொலைவை, அதற்கு எடுத்துக்கொண்ட மொத்த நேரத்தால் வகுத்தால் கிடைப்பதே சராசரி வேகம். ஏறுவதற்கு 30 ÷ 20, அதாவது ஒன்றரை மணி நேரம். இறங்குவதற்கு 30 ÷ 30, அதாவது ஒரு மணி நேரம். போக வர 60 கி.மீ., மொத்தம் இரண்டரை மணி நேரம். 60-ஐ இரண்டரையால் வகுத்தால் 24.

இதைச் சொன்னதும் பெற்றோர் தலையாட்டிவிடுவார்கள், ஆனால் மனம் ஒப்புக்கொண்டிருக்காது என்பது முகத்திலேயே தெரியும். "கணக்கு சரிங்க டீச்சர், ஆனா அந்த ஒரு கிலோமீட்டர் எங்கே போச்சு?" என்று ஒரு தாய் கேட்டார். அது நியாயமான கேள்வி. அதற்காகவே என் மேசையில் ஒரு டப்பா நிறையப் புளியங்கொட்டை வைத்திருக்கிறேன். அரை மணி நேரத்துக்கு ஒரு கொட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு ஒன்றரை மணி நேரம், ஆகவே மூன்று கொட்டைகள். இறங்குவதற்கு ஒரு மணி நேரம், ஆகவே இரண்டு கொட்டைகள். இப்போது ஒவ்வொரு கொட்டையையும் தொட்டு, "இந்த அரை மணி நேரத்தில் வண்டி என்ன வேகத்தில் போனது?" என்று கேளுங்கள். முதல் மூன்றும் இருபது என்னும், மற்ற இரண்டும் முப்பது என்னும். 20, 20, 20, 30, 30 ஆகியவற்றைக் கூட்டினால் 120. ஐந்தால் வகுத்தால் 24.

காணாமல் போன கிலோமீட்டரின் கதை இவ்வளவுதான். மெதுவாகச் செல்லும் பகுதியில் பேருந்து அதிக நேரம் இருக்கிறது, ஆகவே மெதுவான வேகத்துக்கே சராசரியில் பங்கு அதிகம். 25 என்று சொல்பவர் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் சமம் என்று தம்மையறியாமல் எடுத்துக்கொள்கிறார். ஏற்காட்டுக்குப் பேருந்தில் போய்வந்த எவருக்கும் அது சமமில்லை என்பது தெரியும். ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வருவார்கள். ஓட்டுநர் வளைவுக்கு வளைவு கியரைக் குறைத்து, ஒலியெழுப்பி, வண்டியை முழுவதுமாகத் திருப்பி முடிப்பதற்குள் அடுத்த எண்ணைச் சொல்லக் காத்திருப்பார்கள். இறங்கும்போது பாதியிலேயே எண்ணிக்கை தவறி, அடிவாரம் வந்துவிடும்.

தொலைவு 30 கி.மீ. என்று கொடுக்காமலே சில தேர்வுகளில் கேட்கிறார்களே, அப்போது என்ன செய்வது?

நமக்கு வசதியான ஒரு தொலைவை நாமே வைத்துக்கொள்ளலாம். போகும் தொலைவும் வரும் தொலைவும் ஒன்றாக இருக்கும்வரை அது எவ்வளவு என்பது விடையை மாற்றாது. 20, 30 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 60. ஒரு வழிக்கு 60 கி.மீ. என்று கொண்டால் ஏற மூன்று மணி நேரம், இறங்க இரண்டு மணி நேரம், 120 கி.மீ. ÷ 5 = 24. பின்னம் வராமல் தப்பிக்க இதுவே நல்ல வழி. ஒரே ஒரு கி.மீ. என்று கொண்டாலும் ஏற 3 நிமிடம், இறங்க 2 நிமிடம், ஐந்து நிமிடத்தில் 2 கி.மீ. என்று வந்து, மணிக்கு அதே 24 தான் கிடைக்கும்.

அப்படியானால் 25 என்பது எப்போதுமே தவறான விடையா?

இல்லை. ஒரு பேருந்து ஒரு மணி நேரம் 20 கி.மீ. வேகத்திலும் அடுத்த ஒரு மணி நேரம் 30 கி.மீ. வேகத்திலும் சென்றால், இரண்டு மணி நேரத்தில் 50 கி.மீ. கடந்திருக்கும், சராசரி 25 தான். வினாவில் "பாதித் தொலைவு" என்று இருக்கிறதா, "பாதி நேரம்" என்று இருக்கிறதா என்பதைப் பார்த்து அடிக்கோடிடும்படி பிள்ளைகளைப் பழக்குங்கள். என் அனுபவத்தில் இந்த வகைக் கணக்கில் போகும் மதிப்பெண்களில் பெரும்பங்கு அந்த ஒரு சொல்லைக் கவனிக்காததால் போவதே.

இதற்கு ஒரு சூத்திரம் உண்டு என்கிறார்களே, அதை மனப்பாடம் செய்துவிட்டால் போதாதா?

சூத்திரம் உண்டு. இரண்டு வேகங்களையும் பெருக்கி, இரண்டால் பெருக்கி, வேகங்களின் கூடுதலால் வகுக்க வேண்டும்: 2 × 20 × 30 ÷ 50 = 24. இவ்வாறு கிடைப்பதற்கு இசைச் சராசரி என்று பெயர். நாம் வழக்கமாகக் கூட்டி வகுத்துக் காண்பது கூட்டுச் சராசரி. இரண்டு வேகங்களும் வெவ்வேறாக இருந்தால் இசைச் சராசரி எப்போதும் கூட்டுச் சராசரியைவிடக் குறைவாகவே இருக்கும்.

ஆனால் சூத்திரத்தை மட்டும் கொடுத்து அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டு பகுதிகளின் தொலைவும் சமமாக இருந்தால்தான் அது செல்லும் என்பதைப் பிள்ளை மறந்துவிடும். ஊரிலிருந்து மலை அடிவாரம் வரை சமதளத்தில் 10 கி.மீ. என்றும், அதற்கு மேல் மலைப்பாதை 20 கி.மீ. என்றும் கணக்கு வசதிக்காக வைத்துக்கொள்வோம். சமதளத்தில் மணிக்கு 30, மலையில் மணிக்கு 20. சூத்திரம் தெரிந்த பிள்ளை உடனே 24 என்று எழுதிவிடும். நேரத்தைப் பாருங்கள்: சமதளத்துக்கு 20 நிமிடம், மலைக்கு 60 நிமிடம். 80 நிமிடத்தில் 30 கி.மீ. என்றால் மணிக்கு 22.5 கி.மீ. மொத்தத் தொலைவு, மொத்த நேரம் என்ற இரண்டையும் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு இந்தக் கணக்கும் பழைய கணக்கும் ஒன்றுதான்.

(ஆ) பிரிவுக்கு விடை 60 தானே? 20-க்கும் 60-க்கும் நடுவில் இருப்பது 40 அல்லவா?

நடுவில் இருப்பது 40 தான். அந்த நடு இங்கே உதவாது என்பதை (அ) பிரிவிலேயே பார்த்துவிட்டோம். 60 கி.மீ. வேகத்தில் இறங்கினால் 30 கி.மீ.க்கு அரை மணி நேரம் ஆகும். ஏறிய ஒன்றரை மணி நேரத்தோடு சேர்த்தால் இரண்டு மணி நேரம், 60 கி.மீ.; சராசரி 30. கேட்ட நாற்பதுக்கு இன்னும் பத்து குறைகிறது.

சரி, 60 போதவில்லை என்றால் வேகத்தைக் கூட்டிப் பார்க்கலாம் என்று தோன்றும். மணிக்கு 180 கி.மீ. வேகத்தில் இறங்கட்டும் (மலைப்பாதையில் எவரும் செய்யக்கூடாத காரியம், நோட்டுக்குள் மட்டும் செய்து பார்க்கலாம்). 10 நிமிடத்தில் அடிவாரத்தைத் தாண்டிச் சேலத்துக்கே வந்துவிடும், மொத்தம் 100 நிமிடம், சராசரி 36. மணிக்கு 600 கி.மீ. என்று வைத்துப் பாருங்கள். 3 நிமிடத்தில் இறங்கிவிடும். சராசரி ஏறக்குறைய 38.7. எவ்வளவு கூட்டினாலும் நாற்பதை நெருங்குமே தவிர, தொடாது.

காரணத்தைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். முழுப் பயணம் 60 கி.மீ.; அதன் சராசரி மணிக்கு 40 ஆக வேண்டுமானால் 60 கி.மீ.யையும் ஒன்றரை மணி நேரத்தில் முடித்தாக வேண்டும். பேருந்து ஏற்காடு போய்ச் சேர்ந்தபோதே அந்த ஒன்றரை மணி நேரம் தீர்ந்துவிட்டது. ஏரிக்கரையில் நிற்கும் பேருந்து அந்தக் கணத்திலேயே சேலத்திலும் நின்றாக வேண்டும். போன வேகத்தைப் போல இரண்டு மடங்கைப் போக வரச் சராசரியாகக் கேட்டால் எந்தப் பயணத்திலும் இப்படித்தான் முடியும். (ஆ) பிரிவை எழுதியவர் 20-க்கு 40 என்று வைத்தது தற்செயலாக அல்ல.

"விடை இல்லை" என்பதை நோட்டில் எப்படி எழுதுவது? மார்க் கொடுப்பார்களா?

"விடை இல்லை" என்ற இரண்டு சொற்களை மட்டும் எழுதிவிட்டு வந்தால், கணக்கு தெரியாமல் விட்டதற்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. மூன்று வரி எழுத வேண்டும்: தேவைப்படும் மொத்த நேரம் 60 ÷ 40 = 1½ மணி; ஏறுவதற்கு ஏற்கெனவே ஆன நேரம் 30 ÷ 20 = 1½ மணி; இறங்குவதற்கு மீதமுள்ள நேரம் 0, ஆகவே எந்த வேகத்தில் இறங்கினாலும் இயலாது. காரணத்தோடு எழுதப்பட்ட இந்த மூன்று வரிதான் முழுமையான விடை.

இயற்கணிதம் தெரிந்த பெற்றோர் இங்கே வேறு விதமாக மாட்டிக்கொள்வார்கள். கொலுசுப் பட்டறை ஒன்றில் வரவு செலவு பார்க்கும் ஒரு தந்தை, இறங்கும் வேகத்தை 'வே' என்று வைத்துக்கொண்டு, மேலே சொன்ன சூத்திரத்தில் போட்டிருந்தார். 40 × வே ÷ (20 + வே) = 40 என்று சரியாகத்தான் தொடங்கியிருந்தார். குறுக்கே பெருக்கினால் 40 வே = 800 + 40 வே. இரண்டு பக்கமும் 40 வே அடிபட்டுப் போக, 0 = 800 என்று நின்றது. எங்கோ கூட்டலில் பிசகிவிட்டோம் என்று எண்ணி மூன்று முறை திருப்பிப் போட்டிருக்கிறார்; கொண்டுவந்த தாளில் மூன்று முறையும் 0 = 800 என்பதைச் சுழித்து அடித்திருந்தார். வெள்ளியை மில்லிகிராம் கணக்கில் பார்த்துப் பழகியவருக்கு 800 உதைத்தது இயல்புதான். ஆனால் அவர் போட்ட கணக்கில் பிழையே இல்லை. நிறைவு செய்யவே முடியாத ஒன்றைக் கேட்டால் இயற்கணிதம் 0 = 800 போன்ற பொய்க்கூற்றாகத்தான் பதில் சொல்லும். அந்த வரிதான் அவர் தேடிய விடை.

படித்த பெரியவர்களே இதில் தடுமாறுவது ஏன்?

இதே கணக்கின் அண்ணன் ஒன்றில் ஐன்ஸ்டைனே ஒரு நொடி ஏமாந்திருக்கிறார் என்பதைப் பெற்றோரின் ஆறுதலுக்காக எப்போதும் சொல்வேன். மனம் எதையும் துண்டு துண்டாக அல்லாமல் முழுமையாகவே காண்கிறது என்னும் கெஸ்டால்ட் உளவியலை நிறுவியவர்களுள் ஒருவரான மாக்ஸ் வெர்தைமர், 1934-இல் தம் நண்பரான ஐன்ஸ்டைனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புதிர் அனுப்பினார். ஒரு பழைய கார் குன்றின் மேல் ஒரு மைல் ஏறி, மறுபுறம் ஒரு மைல் இறங்க வேண்டும். ஏறும்போது அதன் சராசரி வேகம் மணிக்கு 15 மைலுக்கு மேல் போகாது. இரண்டு மைலுக்கும் சேர்த்துச் சராசரி 30 மைல் வர, எந்த வேகத்தில் இறங்க வேண்டும்? கணக்கிட்டுப் பார்த்த பிறகுதான் இறங்குவதற்கு நேரமே மிச்சமில்லை என்பதைக் கவனித்ததாக ஐன்ஸ்டைன் பதில் எழுதினார். 15-க்கு 30, 20-க்கு 40: நம் பேருந்தின் (ஆ) பிரிவு அந்தக் காரின் வழித்தோன்றல்தான்.

மனிதர் சிந்திக்கும் விதத்தை ஆராய்ந்தவர் வெர்தைமர். அவர் இப்படியொரு புதிரை எடுத்துக் கையாண்டதில் வியப்பில்லை. வேகம் என்பது தனித்து நிற்கும் ஓர் எண் அல்ல. "மணிக்கு" என்ற சொல் அதன் வயிற்றுக்குள் இருக்கிறது. நாம் 20, 30 என்று படிக்கும்போது அந்தச் சொல்லைக் கழற்றி வைத்துவிட்டு, தேர்வு மதிப்பெண்களைக் கூட்டுவதுபோல் எண்களை மட்டும் கூட்டிவிடுகிறோம். சராசரி காண்பதில் நல்ல பழக்கமுள்ளவர்கள்தான் விரைவாக விழுகிறார்கள் என்பது என் கணிப்பு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை அவ்வளவு விரைவாக விழாது. அதற்கு அந்தக் குறுக்குவழி இன்னும் கைவரவில்லை.

பேருந்து ஏற்காட்டில் நிற்கும் நேரத்தையும் சேர்க்க வேண்டுமா?

வினாவில் நிற்கும் நேரம் கொடுக்கப்பட்டு, முழுப் பயணத்துக்கும் சராசரி கேட்டிருந்தால் சேர்க்க வேண்டும். அரை மணி நேரம் நின்றது என்றால் மொத்தம் மூன்று மணி நேரம். சராசரி 20 ஆகிவிடும். கொடுக்கப்படவில்லை என்றால் நிற்கவில்லை என்றே கொள்க.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மூத்த மகன், விடை பூஜ்ஜியம் என்று தம்பியைக் குழப்புகிறான். அவன் சொல்வது சரியா?

அவன் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறான். புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டதால் இடப்பெயர்ச்சி, அதாவது தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் இடையிலான நேர்க்கோட்டுத் தொலைவு, பூஜ்ஜியம். ஆகவே இடப்பெயர்ச்சியை நேரத்தால் வகுத்துக் காணும் சராசரித் திசைவேகமும் பூஜ்ஜியம். தம்பியிடம் கேட்டிருப்பது வேகம், திசைவேகம் அல்ல. அண்ணனைப் பாராட்டிவிட்டு அடுத்த அறைக்கு அனுப்பிவையுங்கள்.

இந்த வகைச் சராசரி வாழ்க்கையில் வேறு எங்காவது பயன்படுமா?

மாம்பழப் பருவத்தில் கடைக்குப் போகும்போதே பயன்படும். ஒரு வாரம் கிலோ 80 ரூபாய், மறுவாரம் கிலோ 120 ரூபாய் என்று கொள்வோம். இரண்டு வாரமும் இரண்டிரண்டு கிலோ வாங்கினால் சராசரி விலை கிலோவுக்கு 100 ரூபாய். இரண்டு வாரமும் 240 ரூபாய்க்கு வாங்கினால், முதல் வாரம் மூன்று கிலோ, மறுவாரம் இரண்டு கிலோ. 480 ரூபாய்க்கு ஐந்து கிலோ. சராசரி 96 ரூபாய். எடையைச் சமமாக வைத்தீர்களா, பணத்தைச் சமமாக வைத்தீர்களா என்பதே வேறுபாடு. "பாதித் தொலைவு", "பாதி நேரம்" என்று பார்த்தோமே, அதேதான் இது.

இருசக்கர வண்டி வைத்திருப்பவர்களும் கேட்பதுண்டு. ஏற்காடு ஏறும்போது லிட்டருக்கு 40 கி.மீ., இறங்கும்போது 60 கி.மீ. கொடுக்கும் வண்டியின் மொத்த மைலேஜ் 50 அல்ல. ஏற முக்கால் லிட்டர், இறங்க அரை லிட்டர், ஆக ஒன்றேகால் லிட்டருக்கு 60 கி.மீ.; அதாவது 48.

எங்கள் பிள்ளையின் கைடில் (ஆ) பிரிவுக்கு 60 என்றே அச்சாகியிருக்கிறது. ஆசிரியரும் அதையே சரி என்றால் என்ன செய்வது?

வாதத்தில் இறங்காமல், அந்த 60-ஐயே போட்டுச் சரிபார்க்கும்படி பிள்ளையைக் கேட்கச் சொல்லுங்கள். இறங்க அரை மணி, ஏற ஒன்றரை மணி, 60 கி.மீ.க்கு இரண்டு மணி, சராசரி 30. இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. எவரும் மனம் நோக மாட்டார்கள்.

சென்ற ஆண்டு என்னிடம் படித்த ஒரு சிறுமியின் நோட்டில் இதே கைடு விடையை வைத்துச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டிருந்தார்கள். சிறுமியிடம் ஐந்து புளியங்கொட்டைகளைக் கொடுத்தனுப்பினேன். ஆசிரியர் மேசையில் ஏறுவதற்கு மூன்றை வரிசையாக வைத்து, "நாற்பது வரணும்னா மூணே மூணு கொட்டைதான் மிஸ் செலவு பண்ணலாம். இறங்குறதுக்கு எங்கே வைக்கிறது?" என்று கேட்டிருக்கிறாள். ஆசிரியர் சற்று நேரம் கொட்டைகளைப் பார்த்துவிட்டு, கரும்பலகையில் 60-ஐ அழித்து, வகுப்பு முழுவதையும் நோட்டில் திருத்தச் சொன்னாராம். மீதி இரண்டு கொட்டைகள் இன்னும் எனக்குத் திரும்பி வரவில்லை.